‘தி கிரீன் மங்கி’: 1.6 கோடி டாலருக்கு ஏலம் போன குதிரை – ஒரு நிகழ்வு ஆய்வு

2006 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கால்டர் பந்தய மைதானத்தில், ஃபாசிக்-டிப்டன் நிறுவனம் இரண்டு வயதுக் குதிரைகளை ஏலம் விட்டது. அதுவரை ஒரு பந்தயத்தில்கூட ஓடியிராத ஓர் ஆண் குட்டி அங்கே 1.6 கோடி டாலருக்கு விலை போனது. பொது ஏலத்தில் ஒரு தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) குதிரைக்கு அதற்கு முன் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வாங்கியவர்கள் அயர்லாந்தின் கூல்மோர் குதிரைப் பண்ணையின் கூட்டணியினர். குட்டிக்கு ‘தி கிரீன் மங்கி’ என்று பெயர் வைத்தார்கள். பார்படாஸ் தீவில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தின் பெயர் அது. மூன்று பந்தயங்களில் ஓடியது. ஒன்றிலும் வெல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் சம்பாதித்த பரிசுத் தொகை 10,440 டாலர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெரும் பணக்காரர்கள் ஏமாந்தால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு திருப்தி. ஆனால் அன்று எதிரெதிராக நின்ற இரு தரப்பினரும் குதிரை பார்க்கத் தெரிந்தவர்களில் முதல் வரிசைக்காரர்கள். குதிரை தோற்றது என்பதாலேயே அதை வாங்கியது தவறு என்றும் ஆகிவிடாது. நல்ல குட்டிகளிலும் பெரும்பாலானவை ஏதோ ஒரு காரணத்தால் தோற்கவே செய்கின்றன. தவறு வேறிடத்தில் இருந்தது என்பது என் கருத்து. அந்தக் குட்டி நன்றாக ஓடியிருந்தாலும் அந்த விலை தேறியிருக்குமா என்பதே சந்தேகம். விலையின் முதல் பகுதியைக் குட்டி ஈட்டியது. மிச்சத்தை எதிரே நின்றவரின் பிடிவாதம் ஈட்டியது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று பிரித்துப் பார்க்கலாம்.

விற்பனைக்கு வந்த சரக்கு

குட்டி பிறந்தது 2004 பிப்ரவரியில். தந்தை ஃபாரஸ்ட்ரி; அதன் தந்தை ஸ்டார்ம் கேட்; அதற்கும் மேலே ஸ்டார்ம் பேர்ட், நார்தர்ன் டான்சர். தாய் மேஜிக்கல் மாஸ்கரேட், 1990இல் அமெரிக்காவின் பெரிய பந்தயங்களான கென்டக்கி டெர்பியையும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்ற அன்பிரைடில்டின் மகள். வேகத்துக்குத் தந்தை வழி, தூரத்துக்குத் தாய் வழி என்று பட்டியலைப் பார்த்தவுடனே சொல்லக்கூடிய வம்சாவளி.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலப் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் உண்டு. பெரிய பந்தயங்களில் வென்ற, இடம்பிடித்த உறவுகளின் பெயர்கள் அதில் தடித்த எழுத்தில் இருக்கும். அந்த உறவுகள் எல்லாம் தாய்வழி உறவுகள் மட்டுமே. ஒரு பொலிகுதிரைக்கு (இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் ஆண் குதிரைக்கு) ஒரே ஆண்டில் நூறு குட்டிகள் பிறக்கலாம் என்பதால் ஒரே தந்தையின் பிள்ளைகளை இத்தொழிலில் உடன்பிறப்பாகவே எண்ணுவதில்லை. பக்கத்தில் எவ்வளவு கருப்பு இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டும் வாங்குவோர் உண்டு.

இந்தக் குட்டி முதலில் விலைக்கு வந்தது 2005இல், ஒரு வயதில். ரேண்டி ஹார்ட்லி, டீன் டி ரென்சோ என்ற இரு ஃபுளோரிடா வியாபாரிகள் அதை 4.25 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். ஒரு வயதுக் குட்டியை வாங்கி, சேணம் பழக்கி, ஓட்டப் பயிற்சி கொடுத்து, இரண்டு வயதில் விற்பதுதான் அவர்கள் தொழில். ஆங்கிலத்தில் இதைப் பின்ஹூக்கிங் என்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். கையில் வைத்திருக்கும் மாதங்கள்தான் கடினம். குட்டி ஒரு காலைப் பிசகாக வைத்தால் போதும், முதல் முழுவதும் போய்விடும். 4.25 லட்சம் என்பது அப்போதே சிறிய தொகை இல்லை. அதாவது குட்டி அழகானது, நடை சுத்தமானது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆனால் நடை சுத்தமான குட்டி எதுவும் ஓராண்டுக்குள் முப்பத்தேழு மடங்கு விலை ஏறுவதில்லை. இடையில் ஒன்று நடந்தது.

பத்து விநாடிக்கும் குறைவாக

இரண்டு வயதுக் குதிரைகளின் ஏலத்துக்குச் சில நாள் முன்பாக ஓர் ஓட்டக் காட்சி நடக்கும். பொழுது விடிந்ததும் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பாதைக்குக் கொண்டு வருவார்கள். எடை குறைந்த ஒருவர் மேலே இருப்பார். குட்டி சற்றுத் தூரத்திலிருந்தே வேகம் எடுத்து வரும். குறித்த கம்பத்தைத் தாண்டும்போது கடிகாரம் தொடங்கும். ஒரு ஃபர்லாங், அதாவது ஏறத்தாழ 201 மீட்டர், முடிந்ததும் நிற்கும். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் வாங்குவோர் ஒரு கையில் ஏலப் புத்தகமும் மறு கையில் நிறுத்துக் கடிகாரமுமாக இருப்பார்கள். எல்லாம் முடிய ஒரு பெருமூச்சு விடும் நேரம்.

இந்தக் குட்டி அந்தத் தூரத்தை 9.8 விநாடியில் ஓடியது. மணிக்கு ஏறக்குறைய 74 கிலோமீட்டர். நல்ல பந்தயங்களில் ஒரு ஃபர்லாங்குக்குச் சராசரியாகப் பன்னிரண்டு விநாடி ஆகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால், அன்று காலை தடுப்போரம் நின்றவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்கலாம். ஒரு இருபத்து நான்கு மாதக் குட்டி அப்படிப் பறந்தால் யாராக இருந்தாலும் தன் கடிகாரத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள்.

ஆனால் அந்தக் கடிகாரம் எதை அளந்தது? ஏற்கெனவே வேகம் எடுத்துவிட்ட ஒரு விலங்கு, பக்கத்தில் வேறு குதிரை இல்லாமல், வளைவில் இடிபடாமல், முகத்தில் மண் தெறிக்காமல், பத்து விநாடி நேரம் எவ்வளவு விரைவாகக் காலை மாற்றி வைக்கிறது என்பதை அளந்தது. பந்தயம் அப்படி நடப்பதில்லை. ஆறு ஃபர்லாங் பந்தயத்துக்கே எழுபது விநாடி ஆகிறது; டெர்பிகள் இரண்டு நிமிடத்துக்கும் மேல் போகின்றன. பத்து விநாடி ஓட்டத்தைத் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டே ஓடி முடித்துவிடலாம். இரண்டு நிமிட ஓட்டத்தை நுரையீரலும் இதயமும்தான் தாங்க வேண்டும். இவை இரண்டும் ஒரே குதிரையில் அமைவது உண்டு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வயதில் முன்னங்கால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுவதும் மூடியிருக்காது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, சுமை ஏற ஏறத் தன்னை உறுதியாக்கிக்கொள்ளும். அதற்கு நிதானமான மாதங்கள் வேண்டும். ஏலத்துக்காக வளர்க்கப்படும் குட்டியோ குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு ஃபர்லாங்கில் உச்சத்தைத் தொட வேண்டும். இளம் குதிரைகளுக்குப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளவான ஓட்டம் எலும்புக்கு நல்லதே. ஆனால் விலையைக் கடிகாரத்தின் பத்தில் ஒரு பங்கு விநாடியோடு கட்டிவிட்டால், குட்டியைத் தயார் செய்பவர் அந்தப் பத்தில் ஒரு பங்கைத்தான் தயார் செய்வார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அனுபவசாலிகள் கடிகாரத்தை நிறுத்திய பிறகும் பார்வையை எடுக்கமாட்டார்கள். கம்பத்தைத் தாண்டிய பின் குட்டி எப்படி வேகம் தணிகிறது, காது எப்படி இருக்கிறது, திரும்பி வரும்போது மூச்சு எவ்வளவு சீக்கிரம் ஒழுங்குக்கு வருகிறது, மறுநாள் காலை லாயத்திலிருந்து வெளியே வரும்போது முதல் நான்கு அடியை எப்படி வைக்கிறது என்பனவெல்லாம் அவர்களுக்குப் பத்து விநாடியைவிட முக்கியம். இவற்றை எண்ணாக்கி அச்சிட முடியாது என்பதால் ஏல அரங்கில் இவற்றுக்குக் குரல் குறைவு. 9.8 என்பதை அரங்கில் இருந்த எல்லோராலும் சொல்ல முடிந்தது.

மருத்துவரும் சுத்தியலும்

பெரிய ஏலங்களில் விற்பவர் குட்டியின் எக்ஸ்ரே படங்களையும் தொண்டையின் எண்டோஸ்கோப்பி பதிவையும் ஓர் அறையில் வைத்துவிடுவார். வாங்க விரும்புகிறவரின் கால்நடை மருத்துவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூட்டில் எலும்புச் சில்லு இருக்கிறதா, குருத்தெலும்பின் அடியில் குறை இருக்கிறதா, குரல்வளையின் இடப்பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். இடப்பக்கம் தளர்ந்த குதிரை வேகமாக ஓடும்போது மூச்சில் இரைச்சல் வரும். காற்று போதாமல் தவிக்கும். இந்தப் பரிசோதனை குறைகளைக் கண்டுபிடிக்கும். திறமையைக் கண்டுபிடிக்காது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே தகுதிச் சான்றாக எண்ணிக்கொள்வது வாங்குவோரிடம் அடிக்கடி காணும் மயக்கம்.

சட்ட நிலை இன்னும் கறாரானது. ஏலதாரரின் சுத்தியல் விழுந்த கணத்தில் குதிரையும் அதன் எல்லா அபாயமும் வாங்கியவருடையது. லாயத்துக்குத் திரும்பும் வழியில் அது கால் இடறி விழுந்தாலும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். நிபந்தனைகளில் சொல்லியிருக்கும் சில குறைகள், அதாவது தொட்டியைக் கவ்விக் காற்று விழுங்கும் பழக்கம், பார்வைக் கோளாறு போன்றவை, அறிவிக்கப்படாமல் விற்கப்பட்டிருந்தால் மட்டும், அதுவும் மிகக் குறுகிய காலத்துக்குள், திருப்பிக் கொடுக்கலாம். ‘மெதுவாக ஓடுகிறது’ என்பது எந்த நிபந்தனையிலும் குறை இல்லை. காப்பீடும் அப்படித்தான். குதிரை இறந்தால் பணம் வரும். பொலிக்கு விடும் குதிரை மலடு என்று தெரியவந்தால் பணம் வரும்படிகூடக் காப்பீடு எடுக்கலாம். புகழ்பெற்ற பந்தயக் குதிரை சிகார் 1996இல் ஓய்வுபெற்றுப் பண்ணைக்குப் போய், ஒரு பெண் குதிரையைக்கூடச் சினையாக்க முடியாதபோது, 2.5 கோடி டாலர் காப்பீட்டுத் தொகை கொடுக்கப்பட்டது. வேகமின்மைக்கு யாரும் காப்பீடு விற்பதில்லை.

இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபோது

ஏறு விலை ஏலத்தில் வென்றவர் கொடுப்பது தன் மதிப்பீட்டை அல்ல. தோற்றவரின் மதிப்பீட்டுக்கு ஒரு படி மேலே கொடுக்கிறார். ஆகவே இந்த விலையைப் புரிந்துகொள்ளத் தோற்றவர் யார் என்று பார்க்க வேண்டும்.

கூல்மோர் சார்பில் விலை கேட்டவர் டெமி ஓ'பர்ன். மைக்கேல் டேபர், டெரிக் ஸ்மித், மேக்னியர் குடும்பம் ஆகியோருக்காக. எதிரே துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமதின் சார்பில் ஜான் ஃபெர்குசன். இந்த இரு முகாம்களின் மோதல் அன்று தொடங்கியதில்லை. 1983 ஜூலையில் கென்டக்கியின் கீன்லேண்ட் ஏலத்தில், கூல்மோரின் பங்காளியான ராபர்ட் சாங்ஸ்டரின் அணியும் ஷேக் முகமதும் ஒரு நார்தர்ன் டான்சர் குட்டிக்காக மோதினார்கள். விலை 1.02 கோடி டாலரைத் தொட்டது. எட்டு இலக்கத் தொகையை யாரும் எதிர்பார்க்காததால் விலைப் பலகையில் அதைக் காட்டவே இடம் இல்லை. ஸ்னாஃபி டான்சர் என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டி பந்தயத்துக்கே வரவில்லை; பொலிக்கு விட்டதில் மொத்தம் நான்கே குட்டிகள். இரண்டு ஆண்டு கழித்து, 1985இல், சாங்ஸ்டர் அணி சியாட்டில் டான்சரை 1.31 கோடிக்கு வாங்கியது. அது அயர்லாந்தில் ஓரிரு நல்ல பந்தயங்களை வென்றது. விலையை நியாயப்படுத்தும் அளவுக்கு இல்லை. ‘தி கிரீன் மங்கி’ முறியடித்தது அந்த விலையைத்தான்.

2005இல் நிலைமை மேலும் முறுகியது. அந்த ஆண்டு முதல் ஷேக் முகமதின் அணி, கூல்மோர் பண்ணையில் நிற்கும் பொலிகுதிரைகளின் குட்டிகளை ஏலங்களில் வாங்குவதைத் தவிர்க்கத் தொடங்கியது. பத்திரிகைகள் இதைப் புறக்கணிப்பு என்றே எழுதின. இதன் ஒரு விளைவை மட்டும் போதிய அளவு யாரும் பேசியதாகத் தெரியவில்லை. கூல்மோர் குதிரைகளின் குட்டிகள் வந்தால் ஒரு தரப்பு ஒதுங்கிவிடுகிறது. அப்போது இருவரும் மோதக்கூடிய களம் எது? இரு தரப்பையும் சேராத பண்ணைகளில் நிற்கும் குதிரைகளின் குட்டிகள். ஸ்டார்ம் கேட்டின் மகன் ஜலீல் 2005 செப்டம்பரில் 97 லட்சம் டாலர். கிங்மாம்போவின் மகன் மெய்தான் சிட்டி 2006 செப்டம்பரில் 1.17 கோடி. நடுவில் 2006 பிப்ரவரியில் ஃபாரஸ்ட்ரியின் மகன். மூன்று தந்தைகளும் அப்போது கென்டக்கியில் அப்படி இரு தரப்பையும் சேராத பண்ணைகளில் நின்றவை. போட்டி குறையும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒரு புறக்கணிப்பு, போட்டியை ஒரு குறுகிய வாய்க்காலில் திருப்பிவிட்டு அங்கே மட்டம் உயரச் செய்தது. அந்த வாய்க்காலில் குட்டி வைத்திருந்த விற்பனையாளருக்கு அது யோகம்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

பந்தயப் பரிசுக்காக யாரும் ஓர் ஆண் குட்டிக்குக் கோடிகள் கொடுப்பதில்லை. பொலிகுதிரையாக அது சம்பாதிக்கப் போவதை எண்ணியே கொடுக்கிறார்கள். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் அனுமதிக்கப்படுவதில்லை. நேரடி இணைசேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே பதிவேட்டில் சேர்ப்பார்கள். அதனால் ஒரு பருவத்தில் ஒரு குதிரை எத்தனை பெண் குதிரைகளோடு சேர முடியும் என்பதற்கு இயற்கையான ஓர் எல்லை உண்டு. இன்றைய பெரிய பண்ணைகளில் நூறு, நூற்றைம்பது, சில நேரம் அதற்கும் மேல். ஸ்டார்ம் கேட் உச்சத்தில் இருந்தபோது ஒரு சேர்க்கைக்கு 5 லட்சம் டாலர். பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

கூல்மோர் இந்த வழியில்தான் வளர்ந்தது. 1979இல் 10 லட்சம் டாலருக்கு வாங்கிய ஸ்டார்ம் பேர்ட், இரண்டு வயதில் சாம்பியனாகி, 1981இல் 3 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. அந்த ஸ்டார்ம் பேர்டின் நேர் கொள்ளுப்பேரன்தான் ‘தி கிரீன் மங்கி’. ஓ'பர்னின் கை உயர்ந்தபோது அதற்குப் பின்னால் இந்தப் பழைய வெற்றியின் நினைவு இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

இப்போது எண்களைப் பொருத்துவோம். ஒரு நல்ல முடிவுக்கு அளவுகோலாக ஃபுசாய்ச்சி பெகாசஸை எடுத்துக்கொள்ளலாம். 1998இல் 40 லட்சம் டாலருக்கு விலை போன குட்டி. 2000இல் கென்டக்கி டெர்பி வென்றது. பிறகு கூல்மோர் அதைப் பொலிக்காக 6 முதல் 7 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. 1.6 கோடிக்கு ஒரு குட்டியை வாங்கி, அது 6 கோடி மதிப்புள்ள பொலிகுதிரையாகும் என்று நம்பினால், போட்ட பணத்தை மீட்கவே நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட வாய்ப்பு வேண்டும். பயிற்சிச் செலவு, காப்பீடு, காத்திருக்கும் ஆண்டுகளின் வட்டி எல்லாம் தனி. வம்சாவளியும் உடலமைப்பும் கடிகாரமும் எல்லாம் கூடிய குட்டிக்கே, டெர்பி வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று குதிரை தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள். இருபதில் ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 30 லட்சம் டாலர் வருகிறது. சிறிய வெற்றிகளுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்து 40, 50 லட்சம் என்று நிறுத்தலாம். அதற்கு மேலே உள்ள ஒரு கோடிக்குக் குதிரையில் பதில் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, கூல்மோர் ஒரு குட்டியை வாங்குவதில்லை, ஆண்டுதோறும் பல குட்டிகளை வாங்குகிறது. ஒன்று தேறினால் மற்றவற்றின் நட்டம் அடைபடும். சரிதான். ஆனால் பத்து லட்சம் வீதம் பதினாறு குட்டிகள் வாங்கும் பணத்தை ஒன்றிலேயே போட்டால், அந்தப் பரவல் தரும் பாதுகாப்பே போய்விடுகிறது. இரண்டாவது மறுப்பு வலுவானது: எதிரியின் கையில் அடுத்த ஸ்டார்ம் கேட் போய்விடாமல் தடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. உண்டு; ஆனால் எல்லா முறையும் தடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஏழு மாதத்தில் மெய்தான் சிட்டி மறு முகாமுக்குப் போனது. அதுவும் பெரிய பந்தயம் எதையும் வெல்லவில்லை என்பது வேறு கதை. ஃபுசாய்ச்சி பெகாசஸின் பிற்கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1.5 லட்சம் டாலர் கட்டணத்தில் பொலியைத் தொடங்கிய குதிரை, பிற்காலத்தில் 7,500 டாலர் கட்டணத்துக்கு இறங்கியது. அளவுகோலாக நான் எடுத்த 6 கோடியே மிகை என்று இதற்குப் பொருள்.

பெண் குட்டியாக இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஓடாத பெண் குதிரைக்கும் வம்சாவளி நன்றாக இருந்தால் தாயாக ஒரு விலை நிற்கும். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று யானையைச் சொல்வார்கள். பெண் தரோபிரெட்டுக்கு அதில் கொஞ்சம் பொருத்தம் உண்டு. ஓடாத ஆண் குட்டிக்கு அந்த அடித்தளம் கிடையாது. எல்லாம் அல்லது எதுவுமில்லை.

அதன் பிறகு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயிற்சியாளர் டாட் பிளெட்சரிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வயதில் ஓடவே இல்லை. மூன்று வயதில், 2007 செப்டம்பரில், நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் முதல் ஓட்டம்: மூன்றாவது இடம். அடுத்ததில் நான்காவது. பிறகு கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய் ஹாலிவுட் பார்க்கின் செயற்கைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள், பின்தங்கியே முடித்தது. 2008 தொடக்கத்தில் ஓய்வு. ஃபுளோரிடாவின் ஒக்காலாவில், அதை விற்ற ஹார்ட்லி, டி ரென்சோ ஆகியோரின் பண்ணையிலேயே பொலிக்கு நின்றது. கட்டணம் 5,000 டாலர். 2018இல், பதினான்கு வயதில், குளம்பு அழற்சியால் இறந்தது.

விற்றவர்கள் செய்தது

இந்த விற்பனையில் உண்மையான திறமை யாரிடம் இருந்தது என்று கேட்டால் விற்றவர்களிடம் என்றுதான் சொல்வேன். ஒரு வயதில் சரியான குட்டியைத் தேர்ந்தார்கள். அதை உடையாமல் பாதுகாத்தார்கள். எந்தக் காலையில் அது உச்சத்தில் இருக்க வேண்டுமோ அந்தக் காலையில் உச்சத்தில் கொண்டு நிறுத்தினார்கள். ஓடிப் பார்க்கும் அபாயத்தை அடுத்தவர் கைக்கு மாற்றினார்கள். அவர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. கடிகாரம் காட்டியது உண்மை. இரண்டு வயதுக் குட்டியின் விலை ஓடாத வரைக்கும்தான் கற்பனையில் வளரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. குதிரை வணிகத்தில் இடைத்தரகர்களுக்குச் சதவீதக் கணக்கில்தான் கூலி. விலை ஏறினால் வாங்குபவரின் தரகருக்கும் கூலி ஏறும் என்றால், அவருடைய நலனும் முதலாளியின் நலனும் எங்கே பிரிகின்றன என்று சொல்லத் தேவையில்லை. இரு பக்கமும் கூலி வாங்கும் தரகர்களைப் பற்றி நெடுங்காலம் புகார் இருந்தது. இதே 2006இல்தான் கென்டக்கி மாநிலம், இரு தரப்பின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரே ஆள் இருவருக்கும் முகவராக இருப்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. கால்டர் விற்பனைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் குதிரை வாங்கப் போகும் யாரும் தரகரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி குட்டியைப் பற்றியதாக இருக்கக்கூடாது. அவருக்கு யார் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதாகவே இருக்க வேண்டும்.

மறுபக்கச் சான்று எவ்வளவு செல்லும்

இந்த நிகழ்வைப் பேசும்போதெல்லாம் யாராவது சண்டே சைலன்ஸை இழுப்பார்கள். பின்னங்கால் வளைந்திருக்கிறது என்று யாரும் விரும்பாத குட்டி. ஒரு வயதில் 17,000 டாலர், இரண்டு வயதில் 32,000 டாலர் வரைதான் விலை கேட்கப்பட்டது. இரண்டு முறையும் கென்டக்கிப் பண்ணையாளர் ஆர்தர் ஹான்காக் திரும்ப எடுத்துக்கொண்டார். கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பும் வழியில் ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்து வண்டி கவிழ்ந்தது; குட்டி பிழைத்தது. 1989இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ், பிரீடர்ஸ் கப் கிளாசிக் மூன்றையும் வென்றது. அப்போதும் கென்டக்கிப் பண்ணையாளர்கள் பங்கு எடுக்கத் தயங்க, ஜப்பானின் குதிரை வளர்ப்பாளர் ஸென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். அங்கே 1995 முதல் 2007 வரை தொடர்ந்து பதின்மூன்று ஆண்டு முதன்மைப் பொலிகுதிரை.

அருமையான கதை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் அதிர்ஷ்டம், கொடுக்கும் விலைக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை’ என்று முடிப்பது சோம்பேறித்தனம். ‘தி கிரீன் மங்கி’ பிறந்த ஆண்டில் வட அமெரிக்காவில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தரோபிரெட் குட்டிகள் பிறந்தன. அவற்றில் மலிவு விலைக் குட்டிகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. அதிலிருந்து சில மேதைகள் வரத்தான் செய்யும். வெளிவராத ஆயிரங்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. விலை கூடிய குட்டிகள் சராசரியாக நன்றாகவே ஓடுகின்றன. தரம் ஏறும் வேகத்தைவிட விலை பல மடங்கு வேகமாக ஏறுகிறது என்பதுதான் சிக்கல். சண்டே சைலன்ஸின் கதையிலிருந்து எனக்குப் பயன்படுவது வேறு ஒன்று: யோஷிதா வாங்கியது ஓடி முடித்த குதிரையை. கால் வளைவு எவ்வளவு, மூச்சு எவ்வளவு என்ற கேள்விகளுக்கெல்லாம் பந்தயப் பாதை பதில் சொல்லிவிட்ட பிறகு, எஞ்சியிருந்த ஒரே அபாயத்துக்கு, அதாவது பிள்ளைகள் எப்படி இருக்கும் என்பதற்கு, மட்டும் அவர் பணம் கொடுத்தார்.

அந்தப் பிரிப்பு பிற்காலச் சந்தையில் இன்னும் தெளிவாகியிருக்கிறது. 2019இல் ஒரு வயதில் 10 லட்சம் டாலருக்கு விலை போன ஃப்ளைட்லைன், ஆறு முறை ஓடி ஆறிலும் வென்று, 2022இல் ஓய்வுபெற்றது. அந்த நவம்பரில் கீன்லேண்டில் அதன் 2.5 சதவீதப் பங்கு மட்டும் ஏலத்துக்கு வந்து 46 லட்சம் டாலருக்குப் போனது. முழுக் குதிரைக்குக் கணக்கிட்டால் 18.4 கோடி. கால்டரில் ஓடாத ஒரு குட்டி முழுவதற்கும் கொடுத்த தொகையை வைத்து, ஓடி நிரூபித்த இந்தக் குதிரையில் ஏறத்தாழ 9 சதவீதம்தான் வாங்க முடியும். எது மலிவு என்று ஒரே வாக்கில் சொல்லிவிட முடியாது. 2023இல் 2 லட்சம் டாலர் கட்டணத்தில் ஃப்ளைட்லைன் பொலியைத் தொடங்கியது. முதல் குட்டிகள் 2024இல் பிறந்தன. அவை பந்தயப் பாதைக்கு வரும் வயதை எட்டும் ஆண்டு 2026.